முன்பக்கம் பார்க்காத கிதார்

எனக்குக் கல்யாணமாகிப் பாம்பனுக்கு வந்த புதிதில், என் கணவருக்குப் பேச வராதோ என்று சந்தேகப்பட்டிருக்கிறேன். காலையில் "போயிட்டு வாரேன்" என்பார். சாயங்காலம் "வந்துட்டேன்" என்பார். நடுவில் பாலத்துக்கு அந்தப்புறம் மண்டபம் ஊரில் ஓர் ஐஸ் பாக்டரியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருப்பார். குழம்பு நன்றாக இருந்தால் தலையாட்டுவார். உப்புக் கரித்தாலும் அதே அளவு தலையாட்டுவார். நானோ ராமநாதபுரத்தில் ஒரு கோர்ட்டுக் குமாஸ்தாவின் மகள். எங்கள் வீட்டில் சட்னிக்குத் தேங்காய் போடுவதா வேண்டாமா என்பதற்கே இரு தரப்பும் வாதாடும். அய்யா தீர்ப்புச் சொல்வார். அம்மா அதை அடுப்படியில் ரத்து செய்வார். அந்த வீட்டுச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு இந்த அமைதி பெரிய தண்டனையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். மாதா கோயில் பாடகர் குழுவில் மாண்டலின் வாசிப்பார். வாசிக்கும்போது உதடு தானாக அசையும். பேச்சு உள்ளே இருக்கிறது, வெளியே வர வழி தெரியாமல் நிற்கிறது என்று அந்த உதட்டைப் பார்த்துத்தான் நம்பிக்கொண்டேன்.

நான் பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு நாள் பள்ளி விட்டு வந்தால், என் மாமியார் நடுவீட்டில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். கல்யாணத்துக்கென்று சிப்பிச் சுண்ணாம்பு அடித்து, தொட்டால் கையில் ஒட்டுகிற வெள்ளையாக இருந்த சுவர். அதில் அடுப்புக்கரியால் என் தோள் உயரத்துக்கு ஏதோ வரைந்திருந்தது. நீளமாக ஒரு வால், அடியில் அகலமாக ஓர் உடம்பு. பக்கத்தில் கரித்துண்டும் கையுமாக என் கணவர். அன்று அவருக்கு லீவு.

"ஏலே, வீட்டுச் சுவத்துல உழுவை மீனயா வரைஞ்சு வச்சிருக்க? கடல்ல பாக்குறது பத்தாதா?" என்றார் மாமியார்.

"மீனு இல்லம்மா. கிதாரு. கரண்டு கிதாரு."

"கரண்டா? நம்ம தெருவுக்கே இன்னும் கரண்டு வரலையேலே."

"வரும்ல" என்றார் அவர், வாலின் நுனியில் ஆறு புள்ளிகளை வைத்துக்கொண்டே.

மாமியார் என்னைப் பார்த்தார். இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்ற பார்வை. சுண்ணாம்பு போனதே என்று எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேச ஆரம்பித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த அத்தனை பேச்சும் அந்தக் கரிப்படத்தின் முன்னால் வந்து கொட்டியது.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் அவர் கொழும்பில் இருந்திருக்கிறார். சொந்தக்காரர் ஒருவரின் கருவாட்டுக் கடையில் வேலை. ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கருவாடு கொண்டுபோய்ப் போடும்போது, உள்ளே வெள்ளைக்காரர்களும் கலப்பு வம்சத்துப் பறங்கியரும் ஆடுவதற்காக ஒரு கோஷ்டி வாசித்துக்கொண்டிருந்ததாம். அதில் ஒருவன் கையில் மெல்லிசான ஒரு கிதார். அதன் அடியிலிருந்து ஒரு ஒயர் கிளம்பிப் பெட்டிக்குள் போனது. அவன் ஒரு கம்பியைச் சுண்டினால், அந்தச் சத்தம் ஹால் முழுக்கப் போய்ச் சுவரில் இடித்துத் திரும்பி வந்து, சமையலறையில் தொங்கிய கரண்டியெல்லாம் அதிர்ந்ததாம்.

"கைய எடுத்த பெறகும் சத்தம் நிக்கல. மாண்டலின்ல சுண்டினா ஒடனே செத்துப்போகும். இது அப்பிடி இல்ல. அலை மாதிரி. ஒண்ணு போகுமுன்ன அடுத்தது வருது."

"அதுமாதிரி ஒண்ணு வாங்கணுமா?" என்று கேட்டேன்.

"வாங்க ஏலாது. செய்யணும். நமக்குன்னு அளவெடுத்துச் செய்யணும்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அவர் பாக்டரியிலிருந்து வந்ததும் நாங்கள் இருவரும் சுவரின் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். கழுத்து எவ்வளவு நீளம், உடம்பு எவ்வளவு அகலம், தோளில் மாட்டும் வாரை எங்கே பொருத்துவது என்று பேசுவோம். எனக்குக் கிதாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் குறுக்குக் கேள்வி கேட்கத் தெரியும். அது குடும்பச் சொத்து. நான் கேட்கக் கேட்க அவர் அழித்து அழித்து வரைவார். சுவர் சாம்பல் நிறமாகிக்கொண்டே போனது. புதுப் பெண்டாட்டிக்கு எல்லாரும் மல்லிகைப்பூ வாங்கிவந்தபோது, என் கணவர் பாக்டரிப் பட்டறையிலிருந்து வரைவதற்குக் கலர் சாக்கட்டி கொண்டுவந்தார். எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

குறுக்குக் கேள்வியில்தான் வழக்கின் ஓட்டை வெளிப்பட்டது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முன்பக்கத்தில் திருகுகள் இருக்கும் என்று சொல்லி, ஒரு நாள் இரண்டு வட்டம் போட்டார். மறுநாள் அதை மூன்றாக்கினார். அதற்கும் மறுநாள் நான்கு.

"கொழும்புல பாத்ததுல எத்தனை இருந்துச்சு?" என்றேன்.

சாக்கட்டியைத் தரையில் வைத்தார். பேச்சு மறுபடி நின்றுபோகுமோ என்று எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

"முன்பக்கம் நான் பாக்கல" என்றார் கடைசியில்.

"பாக்கலையா?"

"சமையக்கட்டுக் கதவு வழியாத்தானே பாத்தேன். மேடைக்குப் பின்னால இருக்கு அந்தக் கதவு. அவன் ஆடுறவங்களப் பாத்து நின்னான். எனக்கு அவன் முதுகுதேன் தெரிஞ்சுச்சு. ஒயரு தெரிஞ்சுச்சு. கழுத்துல ஆறு முடுக்கு தெரிஞ்சுச்சு. ஒரு வாட்டி திரும்புவான்னு பாத்தேன். அதுக்குள்ள சமையக்காரன் கருவாட்டுக் கூடைய வச்சிட்டுப் போடான்னுட்டான்."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. சற்று நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், பிறகு அவரும் சேர்ந்து சிரித்தார். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டுக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சு மாதாவே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதம் நான் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அய்யாவுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் வீட்டில் பழைய ஆங்கில வாரப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக இருந்தன. அதில் கிதார் படம் ஏதாவது அகப்படுமா என்று உட்கார்ந்து தேடினேன். மருமகப்பிள்ளைக்கு இங்கிலீஷ் ஆட்டத்தில் ஆசையா என்று வக்கீலம்மா என் அம்மாவிடம் கவலையாக விசாரித்திருக்கிறார். கடைசியில் ஒரு படம் கிடைத்தது. கிதார்க்காரன் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறான். ஆனால் அவனுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக்காரி வந்து நிற்கிறாள். அவள் பாவாடை அகலமான பாவாடை. கிதாரின் மேல் பாதிதான் தெரிந்தது.

கேட்டுக் கிழித்து வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்தேன். அவர் அதை ஜன்னல் பக்கம் வைத்து வெகுநேரம் பார்த்தார். பாட்டுக்காரியை நகரச் சொல்பவர்போல் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்ப நமக்கு பின்பக்கம் பூரா இருக்கு. முன்பக்கம் மேல்பாதி இருக்கு" என்றார். "கீழ்ப்பாதியை நம்ம இஷ்டத்துக்கு வச்சுக்கிறலாம்."

நம்ம என்று அவர் சொன்னதும், எனக்கும் இதில் பங்கு உண்டு என்று ஆகிவிட்டது. நிறம் நான் சொன்னேன்: நீலம். கருப்புத் தாரும் கருவாடும் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு ஒரு நல்ல நீலம் வேண்டும் என்றேன். ஒயர் நீளமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். மேடை ஓரம்வரை நடந்து வந்து வாசித்தால்தான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும்.

கீழ்ப்பாதி நம் இஷ்டம் என்ற செய்தி எப்படியோ தெருவில் பரவியது. சுவரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. வெற்றிலைப்பெட்டி வைக்க ஒரு குழி வேண்டும் என்றார் ஒருவர். அடியில் ஒரு கால் வைத்தால் நட்டு வைக்கலாமே என்றார் இன்னொருவர். கழுத்து நுனியில் சிலுவை இருக்க வேண்டும் என்பது மாமியாரின் நிபந்தனை. கரண்டு விஷயத்தில் அவருக்கு நம்பிக்கை வரவேயில்லை. தொட்டால் கையைச் சுண்டி இழுக்கிற திருக்கை ஒன்று வலையில் வரும். அதன் நினைப்புத்தான் அவருக்கு.

"செஞ்சு முடிச்சதும் மொதல்ல நீ தொடாத. கோழியத் தொடவிட்டுப் பாரு" என்றார்.

செய்யும் பொறுப்பு மாமியாரின் அண்ணனுக்குப் போனது. என் கணவருக்கு மாமா, எனக்குப் பெரியப்பா முறை. அவர் ஓடாவி, அதாவது வள்ளம் கட்டுகிற தச்சர். அக்கரை இக்கரையெல்லாம் அவர் கட்டிய வள்ளங்கள் ஓடின. வேறு தச்சரிடம் கொடுத்தால் குடும்பத்தில் சண்டை வரும். அவரிடம் கொடுத்ததிலும் வந்தது.

அவர் வந்து சுவரைப் பார்த்தார். ஒரு பக்கம் நின்று பார்த்தார், மறுபக்கம் போய்ப் பார்த்தார்.

"இதுக்கு முன்னணி எந்தப் பக்கம் மருமகனே?" என்றார். முன்னணி என்றால் வள்ளத்தின் கூர்மூக்கு.

"முன்னணி கிடையாது மாமா. இது வள்ளம் இல்ல."

"கட்டையில செய்யிறது எல்லாம் வள்ளந்தேன். சிலது தண்ணிக்குப் போகும், சிலது போகாது. முன்னணி இல்லாம என் கையால ஒண்ணும் எறங்கினதில்ல."

நான் வக்கீலாக நடுவில் புகுந்தேன். "பெரியப்பா, கீழ்ப்பாதிய உங்க இஷ்டத்துக்கு வச்சுக்கங்க. மேல்பாதி படத்துல உள்ளபடி இருக்கட்டும்."

"இப்ப சொன்ன பாரு மகளே, அது பேச்சு" என்றார் அவர். என் கணவர் என்னை முறைத்தார். சமரசம் என்றால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

பூவரசு மரத்தில் உடம்பு, பழைய வள்ளத்திலிருந்து எடுத்த தேக்கில் கழுத்து என்று முடிவானது. கழுத்தில் குறுக்கே பதிக்கும் பித்தளைக் கம்பிகளை, மெட்டுகளை, எங்கெங்கே வைப்பது என்பதில் என் கணவர் ரொம்பக் கவனமாக இருந்தார். மாண்டலினில் இருந்த இடைவெளிகளை அளந்து, ஒவ்வொன்றையும் இரட்டிப்பாக்கிச் சுவரில் குறித்திருந்தார். மேலே அகலமாக ஆரம்பித்துக் கீழே வர வர நெருங்கும்.

பெரியப்பாவுக்கு அது கண்ணை உறுத்தியது. வள்ளத்தின் உள்ளே விலா எலும்புபோல வரிசையாக வைக்கும் கட்டைகளை அவர் ஒரே இடைவெளியில்தான் வைப்பார். மருமகன் கணக்கில் பிசகிவிட்டான், நாம் சரிசெய்து கொடுப்போம் என்று நல்ல எண்ணத்துடன், எல்லா மெட்டுகளையும் சம தூரத்தில் பதித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

என் கணவர் கம்பி மாட்டி, அதில் மாதா பாட்டு ஒன்றை வாசித்தார். முதல் வரி ஒழுங்காகக் கிளம்பியது. குரல் மேலே ஏறுகிற இடத்தில் பாட்டு தள்ளாட ஆரம்பித்தது. மூன்றாவது வரியில் அது கள்ளுக்கடையிலிருந்து நேராக வருகிற பாட்டாகிவிட்டது. மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெரியப்பா கொஞ்சம்கூட அசரவில்லை. "பாட்டுல ஏதோ தப்பு இருக்கு மருமகனே. வேற பாட்டு வாசி" என்றார்.

வேறு பாட்டும் குடித்திருந்தது. இரண்டு நாள் மாமனும் மருமகனும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் பெரியப்பா தானே வந்து மெட்டுகளைப் பிடுங்கி, சுவரில் இருந்த குறிப்படியே பதித்தார். பதிக்கும்போதெல்லாம் "கோணல், கோணல்" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்தான் பாக்கி. அதற்காக என் கணவர் மதுரைக்குப் போய், பழைய சாமான் கடையில் யுத்த காலத்து ஹெட்போன் ஒன்றை வாங்கிவந்தார். அதன் காதுமூடிக்குள் ஒரு காந்தமும், தலைமுடியைவிட மெல்லிய கம்பிச் சுருளும் இருந்தன. காந்தத்தின் மேலிருந்த தகட்டை எடுத்துவிட்டு எஃகுக் கம்பிகளுக்கு அடியில் பொருத்தினால் வேலை செய்யும் என்று பாக்டரிப் பொறியாளர் சொல்லியிருந்தார். பிறகு நான் சொன்ன நீலத்தை அடித்தோம். வள்ளத்துக்கு அடிக்கும் பெயிண்ட்தான். காய்ந்த பிறகும் வாடை போகவில்லை.

இப்படியாக அது உருவானது. மேல் பாதி கொழும்பு, கீழ்ப் பாதி பாம்பன். அடிப்பகுதி கூர்மையாக நீண்டு, அலையைக் கிழிக்கத் தயாராக இருந்தது. கழுத்து நுனியில் ஒரு சின்ன மரச்சிலுவை. திருகு ஒன்றே ஒன்று. நான்கு வட்டம் வரைந்தவருக்கு ஒரு திருகுக்குத்தான் சாமான் கிடைத்தது. கிதாரைத் தோளில் மாட்டினால் அதன் எடையில் அவருடைய இடது தோள் தாழ்ந்துவிடும்.

மைக் செட் கடைக்காரரிடம் கார் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபையர் இருந்தது. ஒரு மத்தியானம் கடைக்குள் வைத்தே அதில் ஒயரைச் சொருகி மெதுவாகச் சுண்டிப் பார்த்தார். சத்தம் வந்தது! கனமான, நீளமான சத்தம். கோழி தேவைப்படவில்லை. கடைக்காரர் அப்போதே கோயில் திருவிழாவில் இதை ஏற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்கப் போனோம். நல்ல மனிதர், சாயல்குடிப் பக்கம் பிறந்தவர். கிதாரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கூர்ப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"கோயிலுக்குள்ள வேண்டாம். வெளிய, மேடையில, கலைநிகழ்ச்சியில வாசி. மாதா பாட்டு மட்டுந்தான். இன்னொண்ணு, இடுப்ப ஆட்டக் கூடாது."

"இந்தக் கனத்துல ஆட்ட ஏலாது சாமி" என்றார் என் கணவர்.

திருவிழா அன்று சாயங்காலம் கோயில் முன்னால் நல்ல கூட்டம். தங்கச்சிமடத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு முடிந்தது. சாமியார் முன்வரிசை நாற்காலியில். பக்கத்தில் ஜெபமாலையோடு என் மாமியார். என் கணவர் மேடை ஏறினார். நீலக் கிதாரைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நான் கேட்டிருந்தபடி ஒயர் நீளமாக, மேடைக் கம்பத்தைச் சுற்றி, தென்னைமரத்தைச் சுற்றி, மைக் செட் மேஜைக்குப் போனது. கடைக்காரர் திருகைத் திருப்பினார்.

தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் முதலில் "ங்ங்" என்று ஓர் இரைச்சல். அப்புறம் ஒரு பெண் பேச ஆரம்பித்தாள்.

தெளிவான, அழகான குரல். சிங்களத்தில் பேசினாள்.

என் கணவர் கிதாரைப் பார்த்தார். கிதார் சிங்களத்தில் பேசிக்கொண்டே இருந்தது. மாமியார் எழுந்து நின்றுவிட்டார்.

"யாரு அந்தப் பொம்பள?" என்று சாமியார் திரும்பி என்னைக் கேட்டார். பெண்டாட்டி என்பதால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

கடல் தாண்டினால் கொழும்பு ரேடியோ ஸ்டேஷன். அந்த நீள ஒயர் ஏரியல்போல அவர்களுடைய ஒலிபரப்பை அப்படியே இழுத்துக்கொண்டிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. மத்தியானம் சோதித்தபோது ஸ்டேஷன் ஓய்வில் இருந்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் கொழும்பில் இருந்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் எழுந்து, யாரும் கேட்காமலே, மொழிபெயர்க்க ஆரம்பித்தார். "செய்தி வாசிக்கிறாக. காலிங்கிற ஊர்ல நல்ல மழையாம். தேயிலைக்கு நல்லதாம்." கூட்டம் "ஓகோ" என்றது.

என் கணவர் பதறிப்போய்க் கம்பிகளின் மேல் உள்ளங்கையை அழுத்தினார். அவள் சட்டென்று அடங்கினாள். கையை எடுத்தார். மறுபடி வந்துவிட்டாள். மறுபடி அழுத்தினார். அடங்கினாள். கை கம்பியில் இருக்கும்வரை பேசமாட்டாள் என்று கண்டுபிடித்ததும், அவர் ஒரு மூச்சு இழுத்து, மாதா பாட்டை ஆரம்பித்தார்.

அது நல்ல வாசிப்பு. நான் பெண்டாட்டி என்பதால் சொல்லவில்லை. சத்தம் கோயில் கோபுரத்தில் பட்டு, கடல் பக்கம் போய், திரும்பி வந்தது. ஆனால் கையை எடுக்கவே பயந்ததால், பாட்டில் மூச்சுவிடும் இடமே இல்லை. சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவில், ஒரு கணம் கை வழுக்கியது. அந்த ஒரு கணத்தில் அவள் பல்பொடி விளம்பரம் ஒன்றைச் சொல்லிமுடித்துவிட்டாள். சாமியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். இருமல் வந்தது என்றுதான் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார்.

வாசித்து முடித்து என் கணவர் கும்பிட்டார். கும்பிட இரண்டு கையும் வேண்டுமே. கும்பிட்ட கையோடு, ஸ்பீக்கரில் துள்ளலாக ஒரு சிங்களப் பாட்டு கிளம்பியது. கொழும்பு ஆட்கள் எல்லாரும் கைதட்டித் தாளம் போட்டார்கள். யாராவது இடுப்பை ஆட்டுவதற்குள் சாமியார் எழுந்து அடுத்த நிகழ்ச்சி நாடகம் என்று அறிவித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சுருண்டு படுத்துக்கொண்டார். மானம் போய்விட்டது என்றார். ஊர் அப்படி நினைக்கவில்லை. மறுநாளே மைக் செட் கடைக்காரர் வந்து, கிதாரைக் கொஞ்ச நாள் கடையில் வைக்கக் கேட்டார். ரேடியோ வாங்க வக்கில்லாத தெருவுக்கு மாதா கொடுத்த ரேடியோ என்றார். சாயங்காலமானால் கடை வாசலில் கூட்டம். தமிழ்ப் பாட்டு போடும் நேரத்தில் சரியாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கிதார் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டு பாடும். நடுவில் யாராவது அதைத் தொட்டுப் பாட்டு நின்றால் சண்டை வரும்.

ஒரு நாள் ரேடியோ லைசென்ஸ் சோதிக்கிற அதிகாரி ஒருவர் அந்த வழியாக வந்தார். கடைக்குள் பாட்டு கேட்டது. உள்ளே நுழைந்து லைசென்ஸ் எங்கே என்றார்.

"ரேடியோவே இல்லீங்க இங்கன" என்றார் கடைக்காரர்.

"அப்ப பாடுறது யாரு?"

"அந்தா, அந்தக் கிதாரு."

அதிகாரி சுவரைப் பார்த்தார். கூர்மையான அடியும் சிலுவையுமாக நீலமாக ஏதோ தொங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் நேயர் விருப்பம் அறிவித்துக்கொண்டிருந்தாள். அவர் பையிலிருந்து தாளை எடுத்தார், எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று யோசித்தார், மறுபடி பையில் வைத்தார். ஒரு டீ குடித்தார். "நான் இங்க வரலை. நீங்களும் என்னைப் பாக்கலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதைக் கேட்டதும் என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையிலிருந்து கிதாரைக் கொண்டுவந்தார். பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி, ரேடியோ அலை நுழையாதபடி காந்தம் இருந்த குழியின் உள்பக்கம் முழுக்கத் தகடு பொருத்தினார். ஒயரையும் மாற்றி, மேலே வலைபோலக் கம்பி பின்னிய ஒயராக வாங்கிப் போட்டார். நீளத்தையும் பாதியாகக் குறைத்தார். மறுபடி கடையில் சொருகிப் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள். சுண்டினால் மட்டும் சத்தம். சுண்டாவிட்டால் அமைதி. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் முகம்தான் விழுந்துவிட்டது. "நல்லா இருந்த சாமானக் கெடுத்துப்புட்டாரு" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். பெரியப்பாவும் அந்தக் கட்சிதான். என் மாமியாரும் கூட, "அந்தப் புள்ளயோட கொரல் நல்லா இருந்துச்சு" என்று ஒரு நாள் மீன் ஆய்ந்துகொண்டே சொன்னார்.

அடுத்த தை மாதத்தில் மண்டபத்தில் ஒரு கல்யாணம். பாக்டரிப் பொறியாளரின் தங்கைக்கு. அந்த வீட்டில் கரண்டு இருந்தது. என் கணவரை வாசிக்கக் கூப்பிட்டார்கள். சாமியார் இல்லாததால் சினிமாப் பாட்டும் வாசித்தார். யாரும் செய்தி வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து இன்னொரு தடவை என்று கேட்டார். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இது யார் என்று பக்கத்திலிருப்பவர் கேட்கமாட்டாரா என்று காத்திருந்தேன். அவர் பந்தியைப் பற்றித்தான் கேட்டார். பரவாயில்லை, நானாகவே சொல்லிவிட்டேன்.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். பெட்டியில் கூட்டமில்லை. கிதாரைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போகும்போது டிக்கெட் பரிசோதகர் வந்தார். டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்ததைப் பார்த்தார்.

"இது என்னய்யா?"

"கரண்டு கிதாருங்க."

"கிதாரா? எங்க, பிரி."

பிரித்துக் காட்டினார். பரிசோதகருக்கு நம்பிக்கை வரவில்லை. கூர்ப்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "வாசி பாப்போம்" என்றார்.

என் கணவர் வாசித்தார். மதியம் கல்யாண வீட்டைக் கிடுகிடுக்க வைத்த அதே பாட்டு. கரண்டு இல்லாமல், ரயில் சத்தத்திலும் காற்றிலும், அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கொசு ரீங்காரம் போலத்தான் கேட்டது. பரிசோதகர் குனிந்தார். இன்னும் குனிந்தார். கடைசியில் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதையே கம்பியின் பக்கத்தில் வைத்தார். பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தார்.

நிமிர்ந்து, "இம்புட்டுத்தானா?" என்றார்.

"கரண்டு இருந்தா இன்னுங் கொஞ்சம் வருமுங்க" என்றார் என் கணவர்.